மின்வெட்டு விட்டுச்சென்ற ஒரு தெரிவு: பொதியாக்க ஆவணப் பராமரிப்பில் ஒரு நிகழ்வு ஆய்வு

2025 ஜனவரியில் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பொறியியலாளர் ஒருவர், மென்பொருளை நிறுவத்தக்க பொதியாகக் கட்டித்தரும் பொதியாக்கக் கருவிக்கான ஆவணத்தின் முதற் பக்கத்தைத் திறந்து, அதிலுள்ள கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தன் மடிக்கணினியில் இயக்கத் தொடங்கினார். அந்தப் பக்கத்தின் தலைப்பு 'அரை மணி நேரத்தில் முதலாவது பொதி'. அவருக்கு இரண்டு முழு நாட்கள் சென்றன. இந்த ஆய்வு அந்த இரண்டு நாட்களில் என்ன நடந்தது என்பதையும், அதற்கான காரணம் எங்கிருந்து வந்தது என்பதையும், அதைத் தேடிப் போனபோது ஆவணம் பற்றி நாங்கள் கொண்டிருந்த சில எண்ணங்களை ஏன் மாற்ற வேண்டியிருந்தது என்பதையும் பதிவுசெய்கிறது.

நாங்கள் பம்பலப்பிட்டியில், காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில் இயங்கும் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தினர். வாடிக்கையாளர்களின் சேவையகங்களுக்கு அனுப்பும் பைத்தான் நிரல்மொழி மென்பொருட்களை முதலில் 'வீல்' கோப்பாகவும் (பைத்தானுக்கான பொதி வடிவம்) பின்னர் டெபியன் பொதியாகவும் (டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் இயங்குதளங்களுக்கான வடிவம்) கட்டித்தரும் உள்ளகக் கருவியொன்று எங்களிடம் உண்டு. அடியில் வேலை செய்பவை, தொகுதிகளைப் பதிவிறக்கி நிறுவும் பிப், பைத்தான் பொதியைக் கட்டும் செட்அப்டூல்ஸ், டெபியன் பொதியைக் கட்டும் டெப்ஹெல்ப்பர் போன்ற, இத்துறையில் எல்லோரும் அறிந்த கருவிகளே. எங்களுடையது அவற்றை வரிசைப்படுத்தி இயக்கும் ஒரு மேலுறை மட்டும். அதற்கான ஆவணம் ஸ்ஃபிங்ஸ் என்ற ஆவணமாக்க மென்பொருளில், ஆங்கிலத்தில், கருவியின் மூலக்குறிமுறை இருக்கும் களஞ்சியத்துக்கு வெளியே தனியொரு களஞ்சியத்தில் இருந்தது. அதைப் பராமரிப்பது என் பொறுப்பு. மற்ற வேலைகளுக்கு நடுவே செய்யும் பொறுப்பு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலான நிறுவனங்களில் ஆவணப் பராமரிப்பின் நிலை இதுதான்.

நடந்தது

பழையவர்களின் கணினிகளிலும் எங்கள் தன்னியக்கப் பரிசோதனைச் சேவையகத்திலும் உபுண்டு 22.04 இருந்தது, புதியவருக்குக் கொடுக்கப்பட்ட கணினியில் உபுண்டு 24.04. முதற் பக்கத்தின் முதலாவது கட்டளை, நிர்வாகி உரிமையுடன் பிப் மூலம் எங்கள் கருவியை நிறுவச் சொன்னது. அது உடனேயே மறுக்கப்பட்டது. இயங்குதளத்தின் சொந்தப் பைத்தான் தொகுதிகளை பிப் குழப்பிவிடாதபடி காக்கும் 'பெப் 668' என்ற பைத்தான் நியம ஏற்பாடு டெபியன் 12 இலும் உபுண்டு 23.04 முதலான பதிப்புகளிலும் நடைமுறையில் இருக்கிறது. எங்கள் ஆவணம் அதற்கு முந்திய காலத்தில் நின்றுவிட்டது. மறுப்பை மீறுவதற்கு ஒரு தெரிவு, அதாவது கட்டளையுடன் சேர்த்து எழுதும் கூடுதல் பணிப்பு, உண்டு. 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்ற அதன் பெயரே எச்சரிக்கைதான், ஆனாலும் அவர் அதைப் பயன்படுத்தினார். பின்னர் ஏன் என்று கேட்டபோது, "அக்கா, பக்கத்திலே நிர்வாகி உரிமையோடு போடச் சொல்லித்தானே இருந்தது, அதனாலே இயங்குதளத்துக்குள்ளே போடுவதுதான் இங்கத்தைய முறை என்று நினைத்தேன்" என்றார். அவரிடம் சொல்வதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

அடுத்த படி, இயங்குதளத்தைத் தொடாமல் பைத்தான் தொகுதிகளைத் தனியே வைத்துக்கொள்ளும் மெய்நிகர் சூழலொன்றை உருவாக்கி அதற்குள் மாதிரித் திட்டத்தைக் கட்டுவது. கட்டும் கட்டளையில் 'நோ பில்ட் ஐசொலேஷன்' என்ற தெரிவு இருந்தது (கட்டும் வேலையை, அதாவது பில்டை, தனியொரு சூழலில் செய்ய வேண்டாம் என்பது பொருள்). செட்அப்டூல்ஸின் பில்ட் பகுதியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற பிழைச்செய்தியுடன் கட்டளை நின்றது. பைத்தான் 3.11 வரை, புதிதாக உருவாக்கும் ஒவ்வொரு மெய்நிகர் சூழலுக்குள்ளும் செட்அப்டூல்ஸ் தானாகவே வந்துவிடும். 2023 அக்டோபரில் வெளிவந்த 3.12 இலிருந்து அது வருவதில்லை. உபுண்டு 24.04 இல் இருப்பது 3.12. மறுபுறத்தில் ஐசொலேஷன் இயங்கியிருந்தால், பிப் தானே தற்காலிகச் சூழலொன்றை அமைத்து, திட்டத்தின் 'பைப்ராஜெக்ட் டோம்ல்' கோப்பில் கேட்கப்பட்டவற்றை அதற்குள் இறக்கி, பில்ட் முடிந்ததும் அச்சூழலைக் கலைத்திருக்கும். நாங்களோ அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இருக்கும் சூழலில் உள்ளதைக் கொண்டு கட்டு என்று பணித்திருந்தோம். இருக்கும் சூழலில் எதுவும் இல்லை.

இரண்டாம் நாள் மதியத்துக்குப் பின் அவர் செட்அப்டூல்ஸைத் தானே நிறுவிக்கொண்டார். பில்ட் ஓடியது. பின்பு அவர், நல்ல புதியவர் எவரும் செய்வதைப்போல, தன் பின்னால் வருபவர் இடறிவிடக்கூடாது என்று ஆவணத்துக்கு ஒரு திருத்தம் அனுப்பினார்: நான்காம் படிக்கும் ஐந்தாம் படிக்கும் இடையில், 'செட்அப்டூல்ஸை நிறுவுக' என்ற ஒரு வரி.

ஏற்கவிருந்த திருத்தம்

அந்தத் திருத்தத்தை நான் ஏற்கவே இருந்தேன். கட்டளை சரியானது, பொருத்தமான இடத்தில் இருந்தது, புதிய கணினியில் ஓடிப் பார்த்து எழுதப்பட்டிருந்தது. என்னைத் தடுத்தது அதற்கு நேர் மேலே இருந்த வரி: 'வீல் பொதியை முதலில் நிறுவுக.' அதுவும் முன்னொரு காலத்தில் முன்னொரு புதியவர் இதே வகையில் இடறி, இதே நல்லெண்ணத்துடன் சேர்த்த வரிதான். ஐசொலேஷன் இயங்கும் இடத்தில் இந்த இரண்டு வரிகளுக்கும் தேவையே இல்லை. அப்படியானால் ஒரேயொரு தெரிவுக்காக ஆவணத்தில் மூன்று வரிகள் வாழ்ந்துகொண்டிருந்தன, நான்காவது வரி எப்போது வரும் என்பதும் தெரியவில்லை. புண்ணுக்குப் புனுகு தடவுவது என்பார்களே, அதை நாங்கள் வருடக்கணக்காக, ஒவ்வொரு முறையும் மீளாய்வு செய்து, ஒப்புதல் கொடுத்துத் தடவிவந்திருக்கிறோம்.

எனவே அந்தத் தெரிவு எதற்காக இருக்கிறது என்று குழுவில் கேட்டேன். ஒருவர் பில்ட் வேகமாக முடிவதற்காக என்றார். இன்னொருவர் பாதுகாப்புக்காக என்றார், ஆனால் எவ்வகைப் பாதுகாப்பு என்று விளக்க முடியவில்லை. மூன்றாமவர் சொன்னதுதான் நேர்மையான பதில்: "அது எப்போதும் இருக்கிறது, எடுத்தால் என்ன உடையும் என்று தெரியாது, அதனால் ஒருவரும் தொடுவதில்லை."

குறிமுறையின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் மென்பொருளின் வரலாற்றில், ஒரு சொற்றொடர் எந்த மாற்றத்தில் முதன்முதலாக நுழைந்தது என்று தேட வழி உண்டு. தேடியபோது, அந்தத் தெரிவு 2022 மார்ச் இறுதி வாரத்தில் கருவியின் ஸ்கிரிப்டுக்குள் வந்திருப்பது தெரிந்தது. அதனுடன் இருந்த குறிப்பு 'பில்ட் சரிசெய்யப்பட்டது' என்ற பொருள் தரும் இரண்டே ஆங்கிலச் சொற்கள். ஆவணக் களஞ்சியத்தில் அதே தெரிவு இரண்டு மாதங்கள் கழித்து, வேறொருவரின் கையால், 'இத்தெரிவை எப்போதும் பயன்படுத்துக' என்ற வாக்கியத்துடன் வந்திருந்தது. முதலாமவர் 'எப்போதும்' என்று எங்கும் சொல்லவில்லை. ஸ்கிரிப்டில் இருப்பதைப் பார்த்து ஆவணத்தை எழுதியவர், காரணம் தெரியாத இடத்தை அந்தச் சொல்லால் நிரப்பியிருக்கிறார். என் பார்வையில் இந்த நிகழ்வின் மையப் பிழை இதுவே, ஏனெனில் ஒரு சூழ்நிலைக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அந்தச் சொல்லினால் விதியாகிவிட்டது.

அந்த மாற்றத்தைச் செய்தவர் இப்போது மெல்பேர்னில் இருக்கிறார். 2022க்குப் பின் நாட்டைவிட்டுப் போன பொறியியலாளர்களைப் பற்றி இங்கே புதிதாகச் சொல்ல எதுவுமில்லை. எங்கள் பில்ட் ஸ்கிரிப்டை எழுதியவர்களில் இன்று கொழும்பில் இருப்பவர் ஒருவர் மட்டும். வாட்ஸ்அப்பில் கேள்வியை அனுப்பினேன். மறுநாள் குரல்பதிவு வந்தது: "தங்கச்சி, அது கரண்ட் இல்லாத நாட்களிலே போட்டது. லப்டொப்பிலே சார்ஜ் இருக்கும், ரவுட்டர் செத்துப்போயிருக்கும். பில்ட் பண்ண வெளிக்கிட்டால் இன்டர்நெட் கேட்கும். வேறென்ன செய்வது?"

காரணம் என்ற வகையில் இது முழுமையானது. 2022 மார்ச் இறுதியில், எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இல்லாமற் போனதால், மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை நீண்டது. நாங்கள் வீடுகளிலிருந்து வேலை செய்தோம். மடிக்கணினியின் மின்கலம் சில மணிநேரம் தாக்குப்பிடித்தது. வீட்டு இணைய இணைப்பு மின்சாரத்துடன் சேர்ந்து போனது. திறன்பேசிக் கோபுரங்களின் மின்கலங்கள் இறங்கியபோது கடைசி வழியும் மூடியது. பிப் ஏற்கெனவே பதிவிறக்கிய கோப்புகளைத் தன்னிடம் சேமித்து வைத்திருந்தாலும், எந்தப் பதிப்பு வேண்டும் என்று முடிவுசெய்வதற்குப் பைத்தான் தொகுதிகளின் இணையக் களஞ்சியமான பைபிஐயின் சுட்டியை (பட்டியலை) ஒருமுறை கேட்டே தீரும். ஆகவே ஐசொலேஷனுடன் செய்யும் ஒவ்வொரு பில்டும் வலையமைப்பைத் தேடியது. அன்றைய மெய்நிகர் சூழல்களுக்குள் செட்அப்டூல்ஸ் முன்கூட்டியே இருந்ததால், ஐசொலேஷனை நிறுத்திவிட்டால் வலையமைப்பின்றிக் கட்ட முடிந்தது. அவர் செய்தது குறுக்குவழியும் அல்ல. பில்ட் நடக்கும்போது வலையமைப்பைத் தொடக்கூடாது என்பது டெபியன் கொள்கை ஆவணத்திலேயே உள்ள விதி. டெபியனில் பைத்தான் பொதிகளைக் கட்டுபவர்களும் இதே காரணத்தால் ஐசொலேஷன் இல்லாமலேயே கட்டுகிறார்கள்.

அப்படியானால் ஏன் அதை எழுதிவைக்கவில்லை என்று மீண்டும் கேட்டேன். "டொகியுமென்டிலே போய் கரண்ட் கட் என்று எழுதுவதா?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பைப் பற்றி நான் நெடுநேரம் யோசித்தேன். நாங்கள் ஆவணம் எழுதக் கற்றுக்கொண்டது, கருவிகளின் மூல ஆவணங்களைப் படித்துத்தான். அவற்றில் எழுதுபவரின் ஊர் தெரிவதில்லை. தெரிய வேண்டிய தேவையும் இல்லை, ஏனெனில் அவை எல்லா ஊர்களுக்குமானவை. எங்கள் ஆவணமோ பத்துப் பன்னிரண்டு பேருக்கு, ஒரே நகரில், குறிப்பிட்ட சில நெருக்கடிகளுக்குள் வேலை செய்பவர்களுக்காக இருப்பது. ஆனாலும் அதே குரலில் எழுத முயன்றதால், கொழும்பில் இருப்பதாலேயே எடுக்க வேண்டியிருந்த முடிவுகளை எல்லாம் காரணமற்ற முடிவுகளாக எழுதிவைத்தோம். காரணம் தமிழிலும் சிங்களத்திலும் குழுவின் வாட்ஸ்அப் உரையாடல்களுக்குள் தாராளமாக இருந்தது. ஆங்கில ஆவணத்துக்குள் கட்டளை மட்டும் போனது. பேச்சிலிருந்து எழுத்துக்குப் போகும்போது மொழி மாறியது போலவே உள்ளடக்கமும் மாறியிருக்கிறது என்பதை அதுவரை நான் கவனித்ததில்லை.

திருத்தமும் அதன் கீழ் இருந்த இரண்டாவது பழுதும்

முடிவு எளிதாக இருந்தது: தெரிவை எடுத்துவிடுவது, வலையமைப்பு இல்லாத வேளைக்கு வேறு வழி தருவது. தேவையான வீல் கோப்புகளை முன்கூட்டியே ஒரு கோப்புறைக்குள் பதிவிறக்கி வைத்து, சுட்டியைக் கேட்காதே, இந்தக் கோப்புறையில் மட்டும் தேடு என்று பிப்புக்குச் சொல்லலாம். ஐசொலேஷன் அமைக்கும் தற்காலிகச் சூழலுக்கும் பிப் அதே கட்டுப்பாட்டைக் கடத்தும். இப்படிச் செய்தால் ஐசொலேஷனும் இருக்கும், இணையமும் தேவைப்படாது.

பரிசோதனைச் சேவையகத்துக்கு உபுண்டு 24.04 கொள்கலனொன்றை (மற்றவற்றிலிருந்து பிரிக்கப்பட்ட இயங்குசூழல்) சேர்த்து, தெரிவை எடுத்துவிட்டு இயக்கினோம். பில்ட் வெற்றி. அதற்கு அடுத்ததாக, பதிப்பெண்களை ஒப்பிடும் எங்கள் சிறிய ஸ்கிரிப்ட் விழுந்தது: 'டிஸ்ட்யூட்டில்ஸ்' என்ற தொகுதி இல்லையாம். பைத்தானின் பழைய பொதியாக்கத் தொகுதியான அது 2021 அக்டோபரில் வந்த 3.10 இல் கைவிடப்படவிருப்பதாக அறிவிக்கப்பட்டு, 3.12 இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் புதியவரின் கணினியில் இதே ஸ்கிரிப்ட் இதே 3.12 இல் ஓடியிருந்தது. அதற்கான விளக்கம் அவர் கையால் நிறுவிய செட்அப்டூல்ஸில் இருந்தது: செட்அப்டூல்ஸ் தனக்குள் டிஸ்ட்யூட்டில்ஸின் ஒரு பிரதியை வைத்திருக்கிறது, மூலத் தொகுதி இல்லாத இடத்தில் அந்தப் பிரதியைக் கொடுக்கிறது. அதாவது நான் ஒப்புதல் கொடுக்கவிருந்த அந்த ஒரு வரி, முதலாவது பழுதைத் தாண்டச் செய்ததோடு இரண்டாவது பழுதையும் மூடி மறைத்திருக்கும். ஸ்கிரிப்டை 'பேக்கேஜிங்' நூலகத்துக்கு மாற்றினோம். அது பதிப்பெண் வடிவத்தில் பழையதைவிடக் கண்டிப்பானது என்பதால் பழைய வாடிக்கையாளர்களுக்கான குறிமுறைக் கிளைகளின் சில பதிப்புப் பெயர்களைத் திருத்த வேண்டியிருந்தது. அது ஒரு பிற்பகல் வேலை.

ஆவணத்தில் மாற்றியவை

ஆவணத்தை முதலில் கருவியின் களஞ்சியத்துக்குள்ளேயே கொண்டுவந்தோம். ஸ்கிரிப்டை மாற்றும் ஒருவர் அதே திருத்தத்தில் ஆவணத்தையும் மாற்ற வேண்டும் என்று கேட்பதற்கு அப்போதுதான் மீளாய்வாளருக்கு வாய்ப்பு இருக்கும். முதற் பக்கத்துக் கட்டளைகளைப் பக்கத்தில் தட்டச்சு செய்வதை நிறுத்தினோம். ஸ்ஃபிங்ஸ் 2008 இல் பைத்தானின் சொந்த ஆவணங்களுக்காக உருவான கருவி. வெளியே உள்ள கோப்பொன்றின் குறிப்பிட்ட பகுதியை, இரண்டு அடையாள வரிகளுக்கு நடுவில் உள்ளதை, அப்படியே பக்கத்துக்குள் எடுத்துக்கொள்ளும் வசதி அதில் உண்டு. ஆகவே கட்டளைகள் இப்போது உண்மையான ஸ்கிரிப்ட் கோப்பில் இருக்கின்றன. அந்த ஸ்கிரிப்ட் ஒவ்வொரு நாள் காலையும் வெறுமையான கொள்கலனுக்குள் ஓடுகிறது. பக்கம் அதிலிருந்து எடுத்துக் காட்டுகிறது. ஸ்ஃபிங்ஸின் எச்சரிக்கைகளைப் பிழைகளாகக் கருதும் தெரிவையும் இட்டோம். இணைப்புகளைச் சரிபார்ப்பதை மட்டும் வாரத்துக்கொருமுறை, தடையாக இல்லாமல், அறிக்கையாக வைத்தோம், ஏனெனில் பல தளங்கள் தன்னியக்கக் கோரிக்கைகளை மறுத்துவிடுகின்றன.

இவை பரவலாகப் பரிந்துரைக்கப்படும் வழிகளே. ஆனால் இந்த நிகழ்வில் இவை எதுவும் உதவியிருக்காது என்பதை இங்கே தெளிவாகச் சொல்ல வேண்டும். புதியவர் அனுப்பிய வரியைத் தன்னியக்கப் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தால் அது தேறியிருக்கும், பச்சை அடையாளம் விழுந்திருக்கும், நான் இன்னும் விரைவாக ஒப்புதல் கொடுத்திருப்பேன். ஆவணம் ஓடுகிறதா என்பதைப் பரிசோதனை சொல்லும். அந்த வரி அங்கே இருக்கத்தான் வேண்டுமா என்பதைக் காரணத்தை அறிந்த ஒருவரால் மட்டும் சொல்ல முடியும்.

ஆகவே வழமைக்கு மாறான ஒவ்வொரு தெரிவுக்கும் கீழே சிறிய பெட்டியொன்று வைத்தோம்: இது என்ன செய்கிறது, எந்த நாளில் எதற்காக இடப்பட்டது, எந்த நிலைமை மாறினால் எடுத்துவிடலாம். மூன்றாவது கேள்விக்கு விடையில்லாத தெரிவை ஏற்பதில்லை. சிங்களச் சகபாடி ஒருவர் இதை எதிர்த்தார். காரணங்கள் இருக்க வேண்டிய இடம் கிட் குறிப்பு, ஆவணத்தில் வைத்தால் அவையும் பழசாகும் என்பது அவர் வாதம். பழசாகும் என்பது உண்மை. ஆனால் கிட் குறிப்பைக் கண்டுபிடிப்பவர் எதைத் தேட வேண்டும் என்று ஏற்கெனவே அறிந்தவர். ஆவணத்தைப் படிப்பவரோ அதை அறியாதவர். இப்போது இரண்டிலும் எழுதுகிறோம், அவர் இன்னும் முழுமையாக இணங்கவில்லை.

விளக்கப் பக்கங்களை மட்டும் தமிழிலும் சிங்களத்திலும் தருகிறோம். கட்டளைப் பட்டியல்கள் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. ஸ்ஃபிங்ஸ் மூலவாக்கியங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கிறது. ஆங்கில வாக்கியம் மாறினால் அதன் மொழிபெயர்ப்பு 'தெளிவற்றது' என்று குறிக்கப்பட்டு, யாராவது பார்த்து உறுதிசெய்யும் வரை, தமிழ்ப் பக்கத்தின் நடுவே அந்த ஒரு வாக்கியம் ஆங்கிலத்தில் நிற்கும். பார்க்க அழகில்லை என்று முறைப்பாடு வந்தது. பழைய கட்டளையை நல்ல தமிழில் படித்து ஒருவர் இரண்டு நாட்களை இழப்பதைவிட இது மேல் என்பதால் மாற்றவில்லை. ஐசொலேஷன் என்பதைத் 'தனிமைப்படுத்தல்' என்று மொழிபெயர்த்தபோது, கொரோனாக் காலத்துக்குப் பின் அந்தச் சொல்லை வேறு எதற்கும் பயன்படுத்த முடியாது என்று எல்லோரும் சிரித்தார்கள். ஐசொலேஷன் என்றே விட்டுவிட்டோம்.

வலையமைப்பின்றிக் கட்டும் பகுதியைத் தினசரிப் பரிசோதனையில் சேர்க்கவில்லை. தேவையும் இனி அரிது என்று நினைத்தோம். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் போனது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியுடன் தொடர்புபட்டதே காரணம் என்று மின்சக்தி அமைச்சர் சொன்னார். வெள்ளவத்தையில் தன் அறையில் இருந்த அந்தப் புதியவர், இதைவிட நல்ல வாய்ப்பு வராது என்று, ஆவணத்தைத் திறந்து அந்தப் பகுதியை ஓட்டிப் பார்த்திருக்கிறார். பில்ட் விழுந்தது. கோப்புறைக்குள் செட்அப்டூல்ஸ் இருந்தது. பைப்ராஜெக்ட் கோப்பு அதனுடன் கேட்கும் வீல் பொதி இருக்கவில்லை, நான் அதைப் பதிவிறக்கப் பட்டியலில் சேர்க்க மறந்திருந்தேன். மறுநாள் காலையில் அவருடைய திருத்தம் காத்திருந்தது: பட்டியலில் ஒரு வரி, வலையமைப்பு துண்டிக்கப்பட்ட கொள்கலனில் ஒவ்வொரு நாளும் அந்தப் பகுதியை ஓட்டும் ஒரு ஏற்பாடு, பெட்டிக்குள் நாளும் காரணமும். காரணத்தில் குரங்கையும் எழுதியிருந்தார், எடுத்துவிட வேண்டுமா என்று கீழே கேட்டிருந்தார். இருக்கட்டும் என்று எழுதி ஒப்புதல் கொடுத்தேன்.